கடித்தால் வருகிற சிரிப்பு

1

இன்று காலை குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு நின்றபோது தம்பி அன்ரனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அப்பா இறந்து இன்றோடு ஒரு வருடம். பின்னேரம் குருநகரில் எங்கள் பங்குக் கோயிலில் அவருக்காகப் பூசை. பூசை முடிய மண்டபத்தில் சாப்பாடு. அங்கே பெரிய திரை ஒன்று கட்டி, வெளிநாடுகளில் இருக்கிற சொந்தங்களை வீடியோவில் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு வார்த்தை அப்பாவைப் பற்றிப் பேச வைக்கப்போகிறார்கள். இப்போது ஊரில் அதுதான் நடைமுறை போலிருக்கிறது.

"அக்கா, நீங்கள்தானே மூத்த பிள்ளை. முதல் நீங்கள்தான் கதைக்கவேணும். ஆனா ஒண்டு. உங்கடை கமராவை மட்டும் ஓஃப் பண்ணி விடுங்கோ. அந்த இடத்திலை அப்பாவின்ரை படத்தைப் போட்டுவிடுறம். குரல் மட்டும் காணும். இல்லாட்டிச் சனம் போன வருசத்துக் கதையைத் திருப்பித் தூக்கும். குறை நினைக்காதைங்கோ அக்கா."

குறை நினைக்கவில்லை. கோபம் வந்தது. வந்த கோபத்தில் பல்லைக் கடித்தேன். எதிரே யன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வெளியே இன்னும் இருட்டு, அதனால் நன்றாகவே தெரிந்தது. அதன் இடது பாதி சிரித்துக்கொண்டு நின்றது.

விடயம் இவ்வளவுதான். நான் பல்லைக் கடித்தால் என் முகத்தின் இடது பாதி சிரிக்கும். அப்படித்தான் டொக்டர்மார் அதைத் தைத்து வைத்திருக்கிறார்கள். சந்தோசத்தில் கடித்தாலும் சிரிக்கும், ஆத்திரத்தில் கடித்தாலும் சிரிக்கும், பாண் தின்றாலும் சிரிக்கும். இதை விளங்கிக்கொள்ள ஒருவருக்கும் பொறுமை இல்லாதபடியால், பெற்ற தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினவள் என்ற பெயரோடு நான் ஒரு வருடமாக இருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்கள் வாசிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேரே கேட்காதவர்கள் இப்படியாவது தெரிந்துகொள்ளட்டும்.

2

நான் இருப்பது வட நோர்வேயில் ஒரு சின்னத் துறைமுக ஊர். கடற்தொழில் செய்தவரின் மகள், கடல் கடந்து வந்து முதலில் செய்ததும் மீன் வெட்டுகிற வேலைதான். பக்டரியில் பல வருடம் நின்றேன். இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. கணவரும் நானும் பிரிந்து கனகாலம். மகன் கெவினை நான்தான் வளர்த்தேன்.

வருத்தம் இடது காதில் ஓர் இரைச்சலாகத் தொடங்கியது. பிறகு அந்தக் காது கேட்காமல் போனது. படம் எடுத்துப் பார்த்தபோது காது நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை என்றார்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றும் சொன்னார்கள். எடுத்தார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு அந்தக் கட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். கட்டி போனபோது அதுவும் போய்விட்டது.

கண் விழித்தபோது என் முகத்தின் இடது பக்கம் ஈரச் சீலை மாதிரித் தொங்கியது. இடது கண் மூடாது. அதை ஒட்டுநாடா போட்டு மூடித்தான் நித்திரை கொள்வேன். அந்தக் கண்ணில் கண்ணீரும் வற்றிவிட்டது, மருந்துத் துளி விட்டு நனைக்கவேண்டும். தேத்தண்ணி குடித்தால் கடைவாயால் வழியும். உதடு இரண்டும் சேராதபடியால் 'அப்பா' என்று சொன்னால் காற்றுத்தான் வந்தது. வீட்டோடு ரெலிபோன் கதைக்கும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்துவிட்டு, "ஓ, சொல்லுங்கோ" என்று தொடங்கப் பழகினேன்.

இங்கே எங்கள் ஊர் டொக்டர் நல்ல மனிதர். எப்போதும் ஒரே வசனம்தான் சொல்வார். "பொறுத்துப் பார்ப்போம்." நரம்பு தானாகத் திரும்பி வரலாமாம். பொறுத்தேன். வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிடுங்கள் என்று கேட்டபோது எழுதினார். கடிதம் கண் பிரிவுக்குப் போய், கண் பிரிவில் இருந்து திரும்பி வந்து, பிறகு யாரோ விடுமுறையில் போனதால் ஒரு மேசையில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அழகான மடல் ஒன்று வரும்: உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கே எழுதவேண்டும், யாருக்காவது உதவும். நரம்பு இல்லாத தசை சும்மா காத்துக்கொண்டிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிச் செத்துப்போகும். ஒரு வருடம், கூடிப்போனால் ஒன்றரை வருடத்துக்குள் அதற்கு ஏதாவது ஒரு நரம்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அது எழும்பும். அதற்குப் பிறகு எந்த நரம்பைக் கொடுத்தாலும் வாங்காது, தொடையிலிருந்தோ எங்கிருந்தோ வேறு தசை வெட்டிக்கொண்டுவந்து வைக்கவேண்டும். நான் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் என் கன்னம் செத்துக்கொண்டிருந்தது. பொறுமையாக இருக்கச் சொன்ன ஒருவருக்கும் கன்னம் போகவில்லை.

இதைக் கண்டுபிடித்தவன் கெவின். அப்போது அவன் உயர்வகுப்பு மாணவன். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு விளையாடுகிறான் என்று நான் நினைத்த நேரங்களில் இதைத்தான் வாசித்திருக்கிறான். ஒருநாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்று, தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குத் தானே ரெலிபோன் எடுத்து, என் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லி, இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்கிறீர்கள் என்று சத்தம் போட்டான். அடுத்த கிழமையே எனக்குத் திகதி வந்தது. சத்தம் போட்டால்தான் நடக்கும் என்பதை இந்த நாட்டுப் பிள்ளையாகப் பிறந்த அவன்தான் எனக்குக் காட்டித் தந்தான்.

3

அங்கே என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் ஓர் இளம் பெண். மொழிபெயர்க்க ஒருவரை ரெலிபோனில் போட்டிருந்தார்கள். குரலைக் கேட்டால் தமிழ்நாட்டுக்காரர். நான் "கொடுப்புப் பல்லு" என்றேன். "எதைக் கொடுக்கணும்ங்க?" என்றார் அவர். கடைசியில் நான் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லை விரலால் தொட்டுக் காட்ட, அந்தப் பெண் டொக்டர் சிரித்துக்கொண்டே ஒரு தாளை எடுத்துப் படம் கீறினாள். அதன் பிறகு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முகத்தை அசைக்கிற நரம்பு ஒன்று. மெல்லுவதற்கு வேலை செய்கிற நரம்பு இன்னொன்று, அது வேறு பாதையால் வருகிறது. என் மெல்லுகிற நரம்பு நல்ல சுகமாக இருந்தது. அதில் ஒரு கிளையை அறுத்து, வாயோரத்தைத் தூக்குகிற பழைய நரம்பின் நுனியோடு தைத்துவிடுவார்கள். மெல்லுவதற்கு மிச்சக் கிளைகள் காணும். தைத்த இடத்தில் இருந்து நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து தசைக்குப் போய்ச் சேர மாதங்கள் ஆகும். சேர்ந்த பிறகு, கொடுப்புப் பல்லை இறுக்கிக் கடித்தால் வாயோரம் மேலே எழும்பும்.

இதை அப்பாவுக்கு வீடியோவில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு. தாளை நான் காட்ட, அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அப்ப உன்ரை வயர் அறுந்துபோச்சு."

"ஓம்."

"பக்கத்து வீட்டு வயரிலை கொழுவிக் கரண்ட் எடுக்கப் போறாங்கள்."

"ஓம், அப்பிடித்தான்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் லைற் போட்டாத்தான் உனக்கும் எரியும்."

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் பாதி வீடுகளுக்குக் கரண்ட் அப்படித்தான் வந்தது. அப்பா சொன்னதைக் கேட்டு நான் பாதி முகத்தால் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, மீன் வாங்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தார்.

ஒப்பரேசன் முடிந்து மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. கெவின் ஒரு கண்ணாடியைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி வைத்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னை இருத்தி, நோர்வேஜிய மொழியில் கட்டளை போடுவான். கடி, விடு, கடி, விடு. காலையில் ஊரிலிருந்து அப்பாவின் குரல்பதிவு வரும். "பிள்ளை, எழும்பிட்டியோ? கடிச்சனியோ? நல்லா இறுக்கிக் கடி." கண்ணாடியில் ஒன்றும் அசையாது. பேரனும் பாட்டாவும் சேர்ந்து என்னை ஒரு விசரியாக்குகிறார்கள் என்று எரிச்சல் பட்டிருக்கிறேன்.

பிறகு ஒரு பின்னேரம் வீடியோவில் அப்பா, "கடி பிள்ளை" என்றார். கடித்தேன். அவர் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது எனக்குக் கேட்டது.

"அசைஞ்சது! அசைஞ்சது! அன்ரன், இஞ்சை ஓடியா, அக்கா சிரிக்கிறாள்! கடி பிள்ளை, இன்னொருக்காக் கடி!"

தம்பி அப்போது வீட்டில் இல்லை. அதனால் அன்றைக்கு அதைப் பார்த்தவர் அப்பா மட்டும்தான்.

4

போன வருடம் ஒரு விடியற்காலை தம்பி அழைத்தான். அழுகையில் அவனால் பேச முடியவில்லை. அப்பா போய்விட்டார் என்று அவன் மனைவிதான் ரெலிபோனை வாங்கிச் சொன்னாள். முந்தின கிழமை கேட்டபோது சின்னக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

என் கடவுச்சீட்டு முடிந்திருந்தது. அவசரக் கடவுச்சீட்டு எடுக்கப் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு பெட்டிக்குள் நிற்க வைத்து அவர்களே படம் எடுப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "தயவுசெய்து சிரிக்காமல் நில்லுங்கள்" என்றாள். சிரிக்கவில்லை என்றேன். மறுபடி எடுத்தாள். "மன்னிக்கவேண்டும், இன்னும் சிரிக்கிறீர்கள்" என்றாள். அழுகையை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. தகப்பன் செத்துப்போனார், முகத்தில் ஒப்பரேசன் செய்தது, கடித்தால் இப்படி வரும் என்று எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அந்தப் பெண் எழும்பி வந்து, பெட்டியின் கதவைத் திறந்து, என் கையைப் பிடித்தாள். "வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு விடுங்கள். ஆறுதலாக எடுப்போம்" என்றாள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரி ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொண்டாள். என் சொந்தச் சனத்துக்கு ஒரு வருடம் போதவில்லை.

5

வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரைக்கும் பிரேதத்தை வைத்திருக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருந்தேற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, பிள்ளை வந்திறங்கியதும்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சனம் செத்தவரைப் பார்க்க மட்டும் வருவதில்லை. வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளை வாசலில் இறங்கி, ஓடிப்போய்ப் பெட்டியில் விழுந்து குழறுவதைப் பார்க்கவும்தான் வந்து கதிரை பிடித்து இருக்கும். பெட்டியின் கால்மாட்டில் வீடியோக்காரரின் கமரா முக்காலியில் நின்றது. நேரலை. கனடா, பிரான்ஸ், லண்டன் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

வாகனத்தில் வரும் வழியில் தம்பி உண்மையைச் சொன்னான். காய்ச்சல் இல்லை. அப்பா கனநாளாக ஆஸ்பத்திரியில்தான் கிடந்திருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது.

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பாதான் வேண்டாமெண்டவர். நீங்கள் ஒப்பரேசன் செய்த ஆள், தலையிலை யோசனை ஏறக்கூடாதெண்டு. மாமியவையும் அப்பிடித்தான் சொன்னவை. வெளியிலை இருக்கிற பிள்ளையைக் கலக்கக்கூடாதெண்டு."

"நான் ஒவ்வொரு நாளும் அவரோடை கதைச்சனானடா. வீடியோவிலை கதைச்சனான்."

"கட்டிலிலை படுத்துக்கொண்டுதான் கதைச்சவர் அக்கா."

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. கடைசிக் காலத்தில் அப்பா ரெலிபோனை முகத்துக்கு மிகக் கிட்டப் பிடிப்பார். மூக்கும் கண்ணாடியும்தான் தெரியும். தள்ளிப் பிடியுங்கோ என்றால் கை உளையுது என்பார். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டால் சந்தையில் நிற்கிறேன் என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டாமல் மறைத்துப் பிடித்துக்கொண்டு, கடி பிள்ளை, கடி பிள்ளை என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அங்கே இருந்து பல்லைக் கடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாசலில் இறங்கியபோது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அன்ரன்மேல் ஆத்திரம், மாமிமார்மேல் ஆத்திரம், பெட்டிக்குள் கிடந்தவர்மேலும் ஆத்திரம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருப்பேன். நான் ஓடவில்லை, விழவில்லை. வாயைத் திறந்து குழறினால் என் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அதையும் சனத்துக்குக் காட்ட விருப்பமில்லை. அப்பாவின் தலைமாட்டில் போய் நின்றேன். வலது கண் ஊற்றிக்கொண்டிருந்தது. லேஞ்சித் துணியால் வலது பக்கத்தைப் பொத்திக்கொண்டேன். பல்லைக் கடித்தேன். விடாமல் கடித்துக்கொண்டு நின்றேன்.

கமராவுக்கு நேரே இருந்தது என் இடது பக்கம்.

6

ஈரமில்லாத கண், மேலே எழும்பின வாயோரம். உலகம் பார்த்தது இவ்வளவுதான். இடது காது கேட்காதபடியால், அந்தப் பக்கம் இருந்த பெண்கள் குசுகுசுத்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. சேமக்காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள், அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி யாரோ குடும்பக் குழுவில் போட்டிருந்தார்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற ரோஸ் மாமி, அப்பாவின் தங்கை, தம்பிக்கு அழைத்தா. அவன் ரெலிபோனைச் சத்தமாகப் போட்டிருந்தான். நான் அறைக்குள் நிற்பது அவனுக்குத் தெரியாது.

"என்னடா உவள்? என்ரை அண்ணன் செத்துக் கிடக்கிறார், தலைமாட்டிலை நிண்டு பல்லைக் காட்டுறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததோ? வெளிநாட்டுக்குப் போனா நெஞ்சும் கல்லாப்போமோ?"

"மாமி, அக்காவுக்கு முகத்திலை ஒப்பரேசன்."

"ஒப்பரேசன் செய்தா அழுகை வராதோ? சிரிப்பு மட்டும் வருமோ? ஆருக்கடா பேய்க்காட்டுறாய்?"

தம்பி ரெலிபோனின் சத்தத்தைக் குறைத்தான். என் தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் என் முகத்தைப் பற்றி அவன் ஒருநாளும் கேட்டு அறிந்ததில்லை. ஒப்பரேசன் முடிஞ்சுதோ, ஓம், சுகமோ, ஓம். அவ்வளவுதான் எங்கள் கதை. முகத்தில் என்ன செய்தார்கள், எப்படிச் சிரிக்கிறாய், கடித்தால் நோகுமா என்று கேட்டவர் அப்பா ஒருவர்தான். அந்தச் சிரிப்பு என்னவென்று ஊருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஒரு மனிதரைத்தான் நாங்கள் அன்றைக்குப் புதைத்துவிட்டு வந்திருந்தோம்.

குழுவில் கைகூப்புகிற படங்களும் கண்ணீர்ப் படங்களும் வந்துகொண்டிருந்தன. இடையில் ஆளுக்கொரு புத்திமதி. என்னை நேரே ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

கெவின் அப்போதே நோர்வேயின் தெற்கே படிக்கப் போய்விட்டான். மாதத்துக்கு ஒருமுறை அழைத்தால் பெரிய காரியம். தமிழில் கேட்டால் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வான். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் குழுவில் அவனும் இருக்கிறான் என்பதையே மறந்துபோனேன். அன்றிரவு அவன் அதில் தமிழில் எழுதினான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்திருப்பான் போலிருக்கிறது.

'அம்மா சிரிக்க இல்லை. அம்மா கடிக்கிறா. அது நரம்பு. நான் பக்கத்தில் இருந்து பழக்கினது. நீங்கள் பிழை.'

அதற்குக் கீழே ரொறன்ரோவில் இருந்து ஒரு மச்சாள் சிரிக்கிற படம் ஒன்றைப் போட்டாள். மகனுக்குத் தமிழ் படிப்பிக்கவில்லையா என்று இன்னொருவர் கேட்டார். ஐயா பெரியவர்களே, அந்தக் குழுவில் அன்றைக்கு எழுதப்பட்டவற்றில் உண்மையாக இருந்தது அந்தப் பிள்ளையின் ஐந்து வசனம் மட்டும்தான். மிச்சமெல்லாம் நல்ல தமிழில் எழுதின பொய்.

7

சம்பளமில்லாத லீவு போட்டு முப்பத்தோராம் நாள் பூசை வரைக்கும் ஊரில் நின்றேன். பூசைக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டின்போது தம்பி தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, நாளைக்குக் கோயிலிலை முன்வாங்கிலை இருக்காமல், தூணுக்குப் பின்னாலை சின்னம்மாவோடை இருங்கோவன்."

"ஏன்?"

"நாளைக்கும் லைவ் போகுது."

"அதுக்கு?"

"திருப்பிச் சனம் கதைக்கும். நான் இஞ்சை இருந்து சீவிக்கவேணும் அக்கா. நீங்கள் போயிடுவியள்."

அவன் மனைவி என் கோப்பையில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டேன். மெல்லும்போது என் கன்னம் எழும்பி எழும்பி விழுந்தது, இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மறுநாள் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன். மூத்த பிள்ளை வாசிக்கவேண்டிய மன்றாட்டைத் தம்பி வாசித்தான். சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்தும்போதும் கமரா மற்றப் பக்கம் போகும்வரைக்கும் மதிலோரம் காத்து நின்றேன். அப்பாவின் கல்லறைக்குக் கிட்டப் போக எனக்கு முறை வந்தபோது திரிகள் பாதி எரிந்து முடிந்திருந்தன. அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. என்னை அங்கே நிறுத்தினவர்கள்மேல் மட்டுமில்லை, பேசாமல் போய் நின்ற என்மேலும்தான்.

அப்பா எனக்கு அனுப்பின கடைசிக் குரல்பதிவு என் ரெலிபோனில் இருக்கிறது. வந்த அன்று கேட்டது, அதற்குப் பிறகு ஒரு வருடமாக நான் அதைத் திறக்கவில்லை. திறந்தால் தாங்கமாட்டேன் என்று நினைத்தேன்.

8

காலையில் தொடங்கியதை இப்போது முடிக்கிறேன். பூசை முடிந்துவிட்டது.

மத்தியான வேலையில் ஒரு மணித்தியாலம் கேட்டு எடுத்து, ஆட்கள் உடுப்பு மாற்றுகிற அறையில், குசினி உடுப்போடு இருந்துகொண்டு மடிக்கணினியில் இணைந்தேன். திரையில் மண்டபம் தெரிந்தது. நீள மேசைகள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற சனம், தம்பியின் கையில் ஒலிவாங்கி. பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளில் சொந்தங்கள். ரோஸ் மாமி கறுப்புச் சேலையோடு ஒரு பெட்டியில் இருந்தா. என் பெட்டியில் அப்பாவின் படம்.

"இப்ப எங்கடை அக்கா நோர்வேயிலை இருந்து கதைப்பா" என்றான் தம்பி.

கமராவைப் போட்டேன். முகத்தைத் திருப்பி இடது பக்கத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். மண்டபத்துத் திரையில் என் கன்னம் ஒரு கதவளவு பெரிதாக வந்தது. முன்மேசையில் இருந்த ஒருவர் சாப்பாட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். "அக்கா..." என்று தம்பி மெதுவாகச் சொன்னது ஒலிவாங்கியில் கேட்டது.

"நான் கனக்கக் கதைக்கேல்லை" என்றேன். "அப்பா கதைப்பார். கேளுங்கோ."

அந்தக் குரல்பதிவைத் திறந்து ரெலிபோனை மடிக்கணினிக்குக் கிட்டப் பிடித்தேன். மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. பின்னால் ஏதோ ஓர் இயந்திரம் விட்டு விட்டுக் கூவுகிற சத்தம். போன வருடம் நான் அதைச் சந்தைச் சத்தம் என்று நம்பினேன். பிறகு அப்பாவின் குரல், குருநகர் மண்டபம் முழுக்க.

"பிள்ளை, எழும்பிட்டியோ? கடிச்சனியோ? விட்டுடாதை, இறுக்கிக் கடி. பின்னேரம் எடுப்பன், எனக்குச் சிரிச்சுக் காட்டவேணும். இஞ்சை ஒருத்தரும் சிரிக்கினமில்லை. உன்ரை சிரிப்பைப் பாத்தாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

அவ்வளவுதான். அன்றைக்குப் பின்னேரம் அழைப்பு வரவில்லை.

அந்த இயந்திரம் எந்த வார்ட்டில் கூவியது என்று தம்பிக்குத் தெரியும், அவன்தான் பக்கத்தில் இருந்தவன். அவன் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டான். ரோஸ் மாமியின் பெட்டி திடீரென்று கறுப்பானது. தன் கமராவை நிறுத்திவிட்டா.

நான் கடித்தேன். கொடுப்புப் பல்லு நோக நோகக் கடித்தேன். வாயோரம் எழும்பியது, கன்னம் எழும்பியது. வலது கண்ணால் தண்ணீர் ஓடியது, இடது கண்ணால் ஒரு சொட்டும் வரவில்லை. நான் ஒன்றையும் பொத்தவில்லை.

"அக்கா, காணும், நிப்பாட்டுங்கோ" என்று யாரோ சொன்னார்கள். நான் கமராவை நிறுத்தவில்லை.